ஆளுக்கு ஒரு டம்ளர்

நல்லது செய்கிறேன் என்று கிளம்பி வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. கெட்டது செய்தவனிடம் சண்டை போடலாம். சட்டையைப் பிடித்து ஏன் செய்தாய் என்று கேட்கலாம். நல்லது செய்தவனை என்ன செய்ய முடியும்? அவன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு நிற்பான். நாம் குரலை உயர்த்தினால் நாம்தான் பொல்லாதவர்கள். என் அண்ணியை அப்படித்தான் ஒரு அலுவலகமே சேர்ந்து சிரித்த முகத்தோடு கவிழ்த்தது.

எங்கள் வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். பள்ளிச் சீருடை தைப்பது என் பிழைப்பு. என் மெஷின் அந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் அண்ணி இருமினால், "வெந்நீர் குடி" என்று இந்தப் பக்கமிருந்து கத்துவேன். "உன் வேலையைப் பாரு" என்று பதில் வரும். நாத்தனார் என்றால் அண்ணியை ஆட்டிவைக்கிறவள் என்று ஊரே நினைக்கிறது. எங்கள் வீட்டில் அது தலைகீழ். அவள் கோபத்துக்கு முன்னால் என் கோபம் நண்டு சிண்டு.

அவள் வேலை பார்ப்பது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில். கண்ணாடிச் சுவர், வரிசையாக மேசைகள், நாள் முழுக்க ஓடுகிற ஏசி, மூலைக்கு மூலை செடித்தொட்டி. அந்தச் செடிகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் செடியம்மா. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

முதலில் அங்கே தரை துடைக்கத்தான் சேர்ந்தாள். அலுவலகம் திறந்தபோது அழகுக்கு வாங்கி வைத்த செடிகள் ஒவ்வொன்றாகச் செத்து, தொட்டியோடு குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு நாள் குப்பையை இறக்கும்போது ஒரு ரப்பர் செடி தலைகுப்புறக் கிடந்ததைப் பார்த்திருக்கிறாள். ஒற்றை இலை மட்டும் பச்சை. அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்படிக்கட்டு ஜன்னல் ஓரம் வைத்து, யாருக்கும் தெரியாமல் வளர்த்தாள். அது தோள் உயரம் வந்தபோது யாரோ கண்டுபிடித்து மேலிடத்தில் சொல்ல, செடி முன்கூடத்துக்கு வந்தது. துடைப்பம் அவள் கையிலிருந்து போனது. அந்த ரப்பர் செடி இப்போது கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதற்கு அவள் வைத்த பெயர் பெரியவன். விடுதியில் தங்கிப் படிக்கிற என் அண்ணன் மகள் போன் பண்ணினால், "பெரியவன் சாப்பிட்டானா? என்னைத்தான் யாரும் கேக்கறதில்ல" என்று வம்புக்கு இழுப்பாள்.

அண்ணியின் வலதுகை ஆள்காட்டி விரல் நகக்கண்ணில் எப்போதும் மண் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இருக்கும். எந்தச் செடிக்கும் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் அந்த விரலை மண்ணுக்குள் இரண்டாவது கணு வரைக்கும் விடுவாள். ஈரம் ஒட்டினால் அந்தச் செடிக்கு அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. "கொஞ்சம் காயட்டும். காஞ்சாத்தான் வேர் தண்ணியைத் தேடிப் போகும், சும்மா உக்காந்த இடத்துல கெடைச்சா அதுக்கென்ன கேடு" என்பாள். அண்ணன் வேன் ஓட்டுகிறவன், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. "ஒரு நாளாவது எனக்கு இப்படி விரல் வச்சுப் பாத்திருக்கியா, இந்த மனுசன் காஞ்சு கெடக்கானா இல்லையான்னு" என்று கேட்பான். "நீங்க எப்பவும் ஈரந்தான்" என்று ஒரே வார்த்தையில் அவன் வாயை அடைப்பாள்.

அவள் குணத்தைப் பற்றி நான் பூசி மெழுக மாட்டேன். அந்த அலுவலகத்தில் பலர் அவளுக்குப் பயந்துதான் நடந்தார்கள். மிச்ச டீயைத் தொட்டியில் கவிழ்க்கப் போன கணக்குப் பிரிவுத் தலைவரின் கையை எல்லோர் எதிரிலும் தட்டிவிட்டவள் அவள். போட்டோவுக்காக ஒரு செடியை ஏசிக் காற்றுக்கு நேரே நகர்த்தினார்கள் என்று பிறந்தநாள் கேக்கைக்கூடச் சாப்பிடாமல் போனவள். வாரம் ஒரு தடவை ஒவ்வொரு தொட்டியையும் கால்வட்டம் திருப்புவாள், எல்லாப் பக்கமும் வெளிச்சம் படட்டும் என்று. ஈரத்துணியால் இலையின் மேலும் கீழும் துடைப்பாள். தூசி படிந்த இலைக்கு மூச்சு முட்டுமாம். மணி பிளான்ட்டின் நுனியைக் கிள்ளிவிடுவாள், பக்கத்தில் கிளைக்கட்டும் என்று. வேர் தொட்டியை நிறைத்தால்தான் அடுத்த தொட்டி, அதுவும் ஒரு சுற்றுதான் பெரியது. சின்னச் செடிக்குப் பெரிய தொட்டி கொடுத்தால், வேர் குடித்தது போக மிச்சத் தண்ணீர் தேங்கி அதுவே எமனாகும் என்பாள்.

"சீக்கிரமா வளர என்ன போடணும் செடியம்மா?" இந்தக் கேள்வியை அவளிடம் கேட்காத ஆள் அங்கே இல்லை.

"ஒண்ணும் போடாம இருக்கணும்" என்பதுதான் அவள் பதில். அதைக் கேட்டுச் சிரிப்பார்களே தவிர யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அவளுக்கு ரொம்ப நாளாக உதிரப்போக்கு. சொல்லவில்லை. நாப்கினை அடுக்கி வைத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். ஒரு நாள் குளியலறை வாசலில் மயங்கி விழுந்த பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரியும். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். எடுத்த பிறகு மாதக்கணக்கில் கனம் தூக்கக் கூடாது, குனிந்து தரை துடைக்கிற வேலையை மறந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். அண்ணி பெருமூச்சு விட்டாள். "நல்லவேளை, எனக்குச் செடி வேலைதான. தொட்டியெல்லாம் ஸ்டாண்டு மேல இருக்கு. குனியவே வேணாம்" என்றாள். அந்த ஒரு தைரியத்தில்தான் கையெழுத்துப் போட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் அலுவலகத்தில் டீ போடுகிறவரைக் கூப்பிட்டு எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனாள். வாரம் ஒரு தடவை, விரல் விட்டுப் பார்த்துவிட்டு, காய்ந்திருந்தால் மட்டும். வேறு யாரையும் கிட்டே விடக் கூடாது. அவர் தலையை ஆட்டினார். பாவம், அவர் என்ன செய்வார், அங்கே எல்லோரும் அவருக்கு மேலே.

ஆபரேஷன் முடிந்து அவள் கண்ணைத் திறந்து சரியாக ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, போன் கிணுகிணுவென்று அடிக்க ஆரம்பித்தது. அலுவலகக் குரூப். போனை நான்தான் வைத்திருந்தேன். மேனேஜர் போட்டிருந்தார்: 'நம் செடியம்மா மருத்துவ விடுப்பில் இருக்கிறார். அவர் திரும்பும்வரை அவருடைய செடிகள் நம் பொறுப்பு. தினமும் ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர், ஆளுக்கு ஒரு அன்பான வார்த்தை. செடிகளோடு பேசினால் அவை சீக்கிரம் வளரும்.' கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள்.

எனக்குப் படித்ததும் நல்ல மனுஷர்களாக இருக்கிறார்களே என்றுதான் தோன்றியது. அண்ணி படித்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து நர்ஸைக் கூப்பிட எழுந்துவிட்டேன்.

"ஆளுக்கு ஒரு டம்ளரா? எத்தனை ஆளு அங்க, தெரியுமா உனக்கு? போடு, தண்ணி ஊத்தாதீங்கன்னு போடு."

போட்டேன். அதற்கு இதயம் இதயமாக வந்து விழுந்தது. 'கவலைப்படாதீங்க செடியம்மா, நாங்க இருக்கோம்' என்று ஒரு பெண் எழுதினாள். அண்ணி மறுபடி போடச் சொன்னாள். மறுபடி இதயம். கடைசியில் படுத்தபடியே, மூச்சு வாங்கிக்கொண்டு, குரலைப் பதிவு செய்து அனுப்பினாள்: "தயவுசெஞ்சு யாரும் எதையும் ஊத்தாதீங்க." அதற்கு ஒருவர் பூச்செண்டு படம் அனுப்பியிருந்தார். 'இந்த நிலைமையிலும் செடிகள் மேல் எவ்வளவு பாசம்!' என்று எழுதி, கண்ணீர் விடுகிற முகம் ஒன்றையும் கூடவே வைத்திருந்தார்.

அதன் பிறகு தினமும் போட்டோ. ஒருத்தி தன் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். ஒருத்தர் முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுகிறார். ஒருத்தர் காபித் தூள், ஒருத்தர் சர்க்கரைத் தண்ணீர், இன்னொரு மகராசன் தலைவலி மாத்திரையைக் கரைத்து ஊற்றினால் வேர் பலமாகும் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து அதையும் செய்தான். இலை பளபளக்கட்டும் என்று சமையல் எண்ணெயைப் பூசினார்கள். பெரியவனுக்கு முன்னால் நின்று ஒரு பெண் பேசுகிற வீடியோகூட வந்தது. "எப்படி இருக்கே செல்லம்? இன்னிக்கு நல்லா தூங்கினியா? ஏதாவது வேணுமா?"

அண்ணி அதை இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தாள். ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று நர்ஸ் வந்து போனைப் பிடுங்கி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த நாட்களில் போன் என் கையில்தான் இருந்தது. ஒருத்தர்கூடக் கூப்பிடவில்லை. ஒருத்தர்கூட வரவில்லை. அலுவலகத்திலிருந்து ஆஸ்பத்திரி பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். செடிக்கு ஊற்றிய தண்ணீரில் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுக்க ஆள் இல்லை. அண்ணனிடம் சொன்னால், "என்ன ஆபரேஷன்னு இவ சொன்னாளா? சொல்லாம எப்படித் தெரியும்" என்றான். வந்ததே எனக்குக் கோபம். "கேட்டிருந்தா சொல்லியிருப்பா. கேக்கறதுக்கு வாய் எங்க போச்சு? செடிகிட்டப் பேசறதுக்கு மட்டும் இருக்கா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டேன். அவன் டீ குடிக்கப் போய்விட்டான்.

லேசான வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே அண்ணி புடவையை எடுத்து வைத்துவிட்டாள். அவளால் பையைக்கூடத் தூக்க முடியாது. அதனால் நான் தையலை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கூடப் போனேன். பஸ் படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறினாள். கண்டக்டர் சீக்கிரம் என்றதற்கு நான் பார்த்த பார்வையில் மனுஷன் அப்புறம் வாயே திறக்கவில்லை.

முன்கூடத்துக் கதவைத் திறந்ததும் கைதட்டல். பலூன் கட்டியிருந்தார்கள். ஒரு சுவர் முழுக்க அந்தத் தண்ணீர் ஊற்றுகிற போட்டோக்கள், கலர் காகிதத்தில் ஒட்டி. ஒரு கேக் வேறு. கைதட்டலுக்கு நடுவே எனக்கு முதலில் தட்டுப்பட்டது நாற்றம்தான். தேங்கிய சாக்கடையில் யாரோ சென்ட் அடித்த மாதிரி ஒரு வாடை. பொடிப்பொடியாக ஈக்கள் மேசை மேலெல்லாம் பறந்தன. அவர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள்போல, கேக்கை மூடி வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். செடிகள் என்னவோ பச்சையாகத்தான் இருந்தன. எண்ணெய் பூசிப் பளபளவென்று நின்றன.

மேனேஜர் நல்ல உயரம், நல்ல சிரிப்பு. தொண்டையைச் செருமினார்.

"செடியம்மா, உங்களுக்கு ஒரு சந்தோஷமான செய்தி. நீங்க இல்லாதப்ப எங்க எல்லாருக்கும் செடிங்க மேல ஒரு பிடிப்பு வந்துடுச்சு. அதனால இனிமே ஆளுக்கு ஒரு செடின்னு பிரிச்சு நாங்களே பாத்துக்கறோம். இத்தனை வருசமா ஒத்தை ஆளா சுமந்தீங்க, அந்தச் சுமை இனி வேணாம். நாளையில இருந்து நீங்க துப்புரவுப் பிரிவுல இருக்கீங்க. சம்பளத்துல எந்த மாற்றமும் இல்ல."

மறுபடி கைதட்டல். துப்புரவுப் பிரிவு என்றால் வாளியும் துடைப்பமும்தானே. இரண்டு மாடித் தரையையும் குனிந்து துடைக்க வேண்டியதுதானே. தையல் பிரிந்து ரத்தம் கொட்டினால் அதற்கும் கைதட்டுவார்களா?

அண்ணி இது எதையும் கேட்டமாதிரி இல்லை. அவள் ஏற்கெனவே பெரியவனிடம் போய்விட்டாள். வழக்கம்போல விரலை மண்ணுக்குள் விட்டாள். வழக்கமாக இரண்டாவது கணுவில் நிற்கிற விரல், அன்றைக்கு அடிவரைக்கும் சர்ரென்று போனது. விரலை எடுத்து மோந்து பார்த்தாள்.

"யாரு ஊத்துனது?"

குரல் ரொம்ப அமைதியாக இருந்தது. அவளுடைய அமைதிக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் அங்கே யாராவது இருந்திருந்தால் அப்போதே நகர்ந்திருப்பார்கள். ஆனால் அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி, சிரித்த முகத்தோடு, நான்தான் நான்தான் என்று ஒருத்தரை ஒருத்தர் முந்திக்கொண்டு. மேனேஜர் இரண்டு கையையும் தூக்கினார்.

அண்ணி என்னைப் பார்த்து, "தொட்டியைச் சாய்" என்றாள்.

சாய்த்தேன். தொட்டியிலிருந்து கறுப்புத் தண்ணீர் தரையில் ஓடியது. வேரைப் பிடித்து இழுத்தாள். வேரின் தோல் நனைந்த நூல் மாதிரி அவள் கையோடு கழன்று வந்தது. அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்தினாள், உள்ளே போனது. பையிலிருந்து கத்தரியை எடுத்தாள். யாரும் தடுப்பதற்குள் தலைப்பக்கத்தில் நல்லதாக இருந்த கிளையை வெட்டினாள். வெட்டிய இடத்தில் பால் சொட்டுச் சொட்டாக வடிந்தது. அது நிற்கும்வரை துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த கிளை. அதற்கடுத்தது. கூரையைத் தொட்டுக்கொண்டு நின்ற செடி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மொட்டைத் தண்டாகிவிட்டது.

"ஐயோ, நான் தினமும் அதோட பேசுனேனே" என்று அந்த வீடியோக்காரப் பெண் அழ ஆரம்பித்தாள்.

கூட்டத்துக்குள்ளிருந்து யாரோ, "நல்லா இருந்த செடி. நம்ம வளர்த்தது பிடிக்கல, பொறாமை" என்றார்கள். முணுமுணுப்புதான், ஆனால் எங்கள் காதில் விழட்டும் என்று சொன்ன முணுமுணுப்பு.

பொறாமையாம். அதைச் சொன்ன வாயைத் தைத்துவிட என்னிடம் ஊசி இருந்தது. நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்படி ஒரு பிடி.

"சார், இது மட்டுமில்ல, எல்லாம் அழுகிட்டு இருக்கு. இலை இன்னும் கொஞ்ச நாள் பச்சையாத்தான் தெரியும், வேரு போயாச்சு" என்றாள் மேனேஜரிடம். "இப்பவே எடுத்து, அழுகுன வேரை வெட்டி, காய வச்சு, புது மண்ணுல வச்சா பாதியாவது தேறும். எனக்குத் தொட்டி தூக்க ஒரு ஆள் மட்டும் குடுங்க."

மேனேஜர் தரையில் ஓடுகிற கறுப்புத் தண்ணீரைப் பார்த்தார், மொட்டைத் தண்டைப் பார்த்தார், அழுகிற பெண்ணைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "நீங்க செஞ்சது சரியில்ல செடியம்மா. எல்லாரும் எவ்வளவு ஆசையா செஞ்சாங்க. இனிமே எந்தச் செடியிலயும் கை வைக்காதீங்க. நாளைக்குத் துப்புரவுப் பிரிவுக்கு வாங்க, போதும்."

"என்னால குனிய முடியாது சார்."

"அப்ப குனிய முடிஞ்சதும் வாங்க. பாக்கலாம்."

ஏன் குனிய முடியாது என்று அவர் கேட்பார் என நான் காத்திருந்தேன். சத்தியமாகக் காத்திருந்தேன். அவர் தரையைத் துடைக்க யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வெட்டிய கிளைகளைப் பையில் போட்டு நான் தூக்கிக்கொண்டேன். கேக்கை வெட்டவேயில்லை.

பஸ்ஸில் வரும்போது முழுக்க நான்தான் பேசினேன். விடு, எல்லாம் அழுகட்டும், அப்போதுதான் அவர்களுக்கு உன் அருமை தெரியும் என்றேன். "அதுங்க என்னடி பண்ணுச்சு" என்றாள் அண்ணி. அவ்வளவுதான் அவள் சொன்னது. வீட்டுக்கு வந்த பிறகும் கத்தவில்லை, பாத்திரத்தைத் தூக்கிப் போடவில்லை. அண்ணனிடம்கூடச் சண்டை போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் திட்டுகிற சத்தம் இல்லாமல் என் மெஷின்கூடச் சரியாக ஓடவில்லை.

அண்ணன் அவன் பங்குக்கு நல்லது செய்ய வந்தான். "போய் அந்த மேனேஜரைப் பாத்து நான் பேசறேன். கொஞ்ச நாள் பெருக்கற வேலை, அப்புறம் பாக்கலாம்னு..." என்று ஆரம்பித்தான்.

"இன்னொருத்தரு டம்ளரைத் தூக்கிட்டு வந்துட்டாரு" என்றாள் அண்ணி.

பெரியவனின் கிளைகளை அவள் சமையலறை ஜன்னல் ஓரம் வைத்தாள். பெரிய இலைகளைப் பாதியாக வெட்டிவிட்டாள். வேர் இல்லாத தண்டு அத்தனை பெரிய இலைக்கு எங்கே போய்த் தண்ணீர் தேடும் என்றாள். தண்ணீர் நன்றாக வடியட்டும் என்று பருமணலும் கரித்தூளும் கலந்த மண். சின்னத் தொட்டிகள். தூக்குவதெல்லாம் நான். "நாத்தனாரை வேலை வாங்குறதுல இப்படி ஒரு சொகம் இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஆபரேஷனை அப்பவே பண்ணியிருப்பேன்" என்றாள். கொஞ்சம் உயிர் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு கிளை சுருங்கிச் செத்தது. ஒன்று மட்டும் நின்றது.

அதன் நுனியில் சிவப்பாக ஒரு குருத்து விரிய ஆரம்பித்த நாட்களில்தான் மேனேஜர் கூப்பிட்டார். அண்ணி கையெல்லாம் மண். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். அண்ணனும் சாப்பாட்டுத் தட்டோடு வந்து நின்றுகொண்டான்.

மனுஷன் குரலில் பழைய சிரிப்பு இல்லை. இலையெல்லாம் மஞ்சள் மஞ்சளாகக் கொட்டுகிறதாம். ஸ்நேக் பிளான்ட் அடியோடு சாய்ந்துவிட்டதாம், தொட்டால் கூழ். கணக்குப் பிரிவு மணி பிளான்ட் கறுத்துவிட்டது. வாசல் பக்கத்துச் செடியில் வெள்ளையாகப் பூசணம். மாடிப்படிச் செடியின் தண்டு மெத்தென்று இருக்கிறது. நாற்றம் தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு செடியாக, எந்த மூலை, எந்த இலை, எப்போதிலிருந்து என்று விடாமல் சொன்னார். அண்ணி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். இதை எடுத்துக் காய வையுங்கள், அது போய்விட்டது விட்டுவிடுங்கள், இது தேறும், தண்ணீர் ஊற்றாதீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன். அவள் எதற்கு இத்தனை பொறுமையாகப் பேசுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

"நீங்க வந்துடுங்க செடியம்மா" என்றார் கடைசியில். "பழைய வேலையே. உங்களைத் தவிர யாரும் தொட மாட்டாங்க, நான் சொல்லிட்டேன். தூக்கறதுக்கு ஆள் தர்றேன். எப்ப வர்றீங்க?"

அண்ணன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, சரின்னு சொல்லு, சரின்னு சொல்லு என்று கையால் சைகை காட்டினான்.

அண்ணி மண் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"சார், இத்தனை நேரம் ஒவ்வொரு செடிக்கும் என்ன ஆச்சுன்னு சொன்னீங்க. எல்லாம் சரியாத்தான் சொன்னீங்க. எனக்கு என்ன ஆபரேஷன் ஆச்சு, சொல்லுங்க பாக்கலாம்."

அந்தப் பக்கம் அவர் ஏதோ காகிதத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"நான் எந்த ஆஸ்பத்திரியில இருந்தேன்?"

மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"செடிகிட்டப் போய் தினமும் எப்படி இருக்கே, ஏதாவது வேணுமான்னு கேட்டீங்க. அதுக்குக் காது இல்ல சார். எனக்கு இருந்துச்சு. நான் படுத்துக்கிட்டே அதையெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்." அவள் குரல் அப்போதுதான் கொஞ்சம் உடைந்தது. உடனே சரி செய்துகொண்டாள். "அங்க யாருக்காவது தெரியுமான்னு விசாரிங்க. தெரிஞ்சுக்கிட்டுக் கூப்பிடுங்க. அப்புறம் எப்ப வர்றதுன்னு பேசலாம்."

அழைப்பை அவளே துண்டித்தாள். அண்ணன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அவன் தட்டை எடுத்துக்கொண்டு போய், கேட்காமலே ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து அவளுக்குப் பக்கத்தில் வைத்தான். அதை அவள் குடித்தாள்.

பிறகு ஜன்னல் ஓரத்துத் தொட்டிக்குள் விரலை விட்டாள். எடுத்துப் பார்த்தாள். செடிக்கு ஊற்ற எடுத்து வைத்திருந்த தண்ணீர்க் குவளையைத் தள்ளி வைத்தாள்.

போன் மறுபடி அடித்தது. அதே நம்பர். நான் பாய்ந்து எடுக்கப் போனேன்.

"விடுடி" என்றாள் அண்ணி. "கொஞ்சம் காயட்டும்."